டிரான்ஸ்டியூசரை எங்கே மாட்டுவது? குமிழி இல்லாத தண்ணீர் ஓடும் இடத்தில்

படகு நிற்கும்போது, ஒலியை அனுப்பி ஆழத்தையும் மீனையும் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரில் தண்ணீரின் அடித்தரை தெளிவாகத் தெரிகிறது. வேகம் பிடித்ததும் கோடு விட்டுவிட்டு வருகிறது, ஆழம் காட்டும் எண் கண்சிமிட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் திரையில் ஒன்றுமே இல்லை. இதைப் பார்த்ததும் பலர் மெனுவைத் திறந்து சென்சிடிவிட்டியைக் கூட்டுவார்கள். அதனால் பலன் இருக்காது. பெரும்பாலும் கோளாறு இருப்பது படகின் பின்புறத்தில், அந்த ஒலியை அனுப்பி எதிரொலியைப் பெறும் டிரான்ஸ்டியூசருக்கு அடியில் ஓடும் தண்ணீரில்.

தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் வேகத்தில் போகும். காற்றுக் குமிழி குறுக்கே வந்தால் அங்கேயே சிதறித் திரும்பிவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்துக்கு அடியில் நுரை ஒரு படலமாக ஓடினாலே போதும், கருவிக்குக் கண் கட்டினாற்போல் ஆகிவிடும். அதனால் இடம் தேடுவது என்றாலே, எல்லா வேகத்திலும் குமிழி இல்லாத தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று தேடுவதுதான்.

டிரில்லரைக் கையில் எடுக்கும் முன் ஒரு சோதனை. வேறொருவரைப் படகு ஓட்டச் சொல்லிவிட்டு, பின்பலகைக்கு (படகின் பின்புறச் சுவர்) மேலே எட்டிக் குனியாமல், பாதுகாப்பாக உட்கார்ந்தபடி படகு விட்டுச்செல்லும் தண்ணீரைப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று நுரைக்கும் பட்டைகளும், இடையிடையே கண்ணாடி போல வழுவழுப்பாக ஓடும் பட்டைகளும் தனித்தனியாகத் தெரியும். நுரைப் பட்டையை முன்னோக்கித் தொடர்ந்து போனால் அடிப்பகுதியில் நீளவாக்கில் ஓடும் புடைப்பு, ஆணி வரிசை, தண்ணீர் உறிஞ்சும் அல்லது வெளியேற்றும் துளை என்று ஏதாவது ஒன்றில் போய் முடியும். இவற்றுக்கு நேர் பின்னால் மாட்டக் கூடாது. இரண்டு புடைப்புகளுக்கு நடுவில் உள்ள மட்டமான பகுதிதான் நமக்கு வேண்டியது.

ஒற்றை மோட்டார் படகில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் நல்லது. வழக்கமான புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரச் சுற்றில் சுழலும், அதாவது வலப்பக்கத்தில் இறக்கைகள் கீழ்நோக்கி இறங்கும். இடப்பக்கத்தில் அவை மேல்நோக்கி ஏறுவதால் அங்கே கலக்கல் அதிகம். எதிர்ச்சுற்று புரொப்பெல்லர் என்றால் இது அப்படியே மாறும். எந்தப் பக்கமானாலும் புரொப்பெல்லரிலிருந்து குறைந்தது 38 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். ஆனால் ஓரத்துக்கு மிகவும் போய்விடாதீர்கள். படகு வேகத்தில் எழும்பும்போதும் திரும்பும்போதும் அந்த ஓரம் தண்ணீரை விட்டு மேலே வந்துவிடும். டிரெய்லரில் ஏற்றுபவர்கள் அதன் உருளைகளும் தாங்கு பலகைகளும் உரசும் தடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டு ஸ்கேன் (படகின் இரு பக்கத்தையும் படமாகக் காட்டும் வசதி) உள்ள டிரான்ஸ்டியூசருக்கு இன்னொரு நிபந்தனை உண்டு: இரு பக்கமும் அதன் பார்வைக்கு எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. மோட்டாரின் கால் மறைத்தால் அந்தப் பக்கத்துப் படம் பாதி இருட்டாகவே இருக்கும்.

இடம் சரியாக அமைந்தும் உயரத்தில் கோட்டை விடுபவர்கள் நிறைய. ஃபைபர் படகில் டிரான்ஸ்டியூசரின் அடிமுகம் படகின் அடியைவிட ஏறக்குறைய 3 மி.மீ. கீழே இருக்கட்டும், அலுமினியப் படகில் 10 மி.மீ. இதற்குக் காரணம் இருக்கிறது. பின்பலகையின் கீழ் விளிம்பைத் தாண்டியதும் தண்ணீர் உடனே மேலே ஏறி ஒட்டாது, பலகைக்குப் பின்னால் காற்றுப்பை ஒன்று உண்டாகும். டிரான்ஸ்டியூசர் அதற்குள் இருந்தால் வேகத்தில் படம் வராது. ரொம்பக் கீழே இறக்கினாலோ அதுவே தண்ணீரைக் கிழித்து, பின்னால் சேவல் வால் போலப் பீய்ச்சியடிக்க வைக்கும். படகின் அடிப்பகுதியில் ஒரு மட்டப்பலகையைப் பிடித்து, அதிலிருந்து கீழே அளந்து குறியுங்கள்.

சாய்வைப் பற்றி ஒரு சொல். படகின் அடி சரிவாக இருந்தாலும் டிரான்ஸ்டியூசர் நேராகக் கீழே பார்க்க வேண்டும், அதாவது மிதக்கும் படகின் நீர்மட்டத்துக்கு இணையாக. டிரான்ஸ்டியூசரின் ஒலி கீழே போகப் போகக் கூம்பாக விரியும். 20 டிகிரிக் கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 3.5 மீட்டர் அகலத்தைத்தான் பார்க்கிறது. டிரான்ஸ்டியூசர் 10 டிகிரி சாய்ந்திருந்தால் அந்த ஆழத்தில் பார்வை சுமார் 1.75 மீட்டர் விலகி விழும். நீங்கள் பார்க்கும் மீன் ஒரு இடத்தில், தூண்டில் இறங்குவது வேறு இடத்தில். மெதுவாகப் போகும்போது திரையில் மீனைக் காட்டும் வளைவு முழுதாக வராமல் ஒரு பக்கம் மட்டும் நீண்டு வந்தால் முன்பின் சாய்வைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஓட்டத்தில் படம் பிசிறினால் பின்முனையை ஒரு துளி கீழே இறக்கிப் பாருங்கள். முன்முனை கீழே தொங்கினால் அடிமுகத்தில் குமிழி சேரும்.

இனி துளை. டிரான்ஸ்டியூசரைத் தாங்கும் பிராக்கெட்டில் பொதுவாக இரண்டு நீள்துளைகளும் நிலைப்படுத்த ஒரு வட்டத்துளையும் இருக்கும். முதலில் நீள்துளைகளின் நடுவில் மட்டும் திருகு போடுங்கள். அப்போது ஓட்டிப் பார்த்து மேலும் கீழும் நகர்த்த இடம் கிடைக்கும். மூன்றாவது துளையை எல்லாம் சரியான பிறகே போட வேண்டும். ஃபைபரில் டிரில் பிட்டை நேரடியாக அழுத்தினால் மேலுள்ள பளபளப்பான ஜெல்கோட் பூச்சு சிலந்தி வலை போல விரிசல் விடும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிட்டின் மேல் ஆழத்தைக் காட்ட ஒரு டேப் சுற்றி, துளை போட்டபின் வாயை மட்டும் கவுண்டர்சிங்க் பிட்டால் லேசாக அகலப்படுத்துங்கள். திருகு துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். துளைக்குள்ளும் திருகின் மேலும் படகுக்கான பாலியூரித்தேன் சீலன்ட் தாராளமாகப் பூசுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழுள்ள துளை இது. பின்பலகைக்குள் மரம் இருந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கும் நீர் அதை உள்ளிருந்தே மக்கச் செய்துவிடும், வெளியிலிருந்து தெரியவே தெரியாது. அலுமினியத்தில் சீலன்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு: எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டு அரிப்பதை அது குறைக்கும்.

ஒருமுறைக்கு மேல் இடம் மாற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றினால், தடித்த எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் பலகையைப் பின்பலகையில் ஒரேயடியாகப் பொருத்திவிட்டு, டிரான்ஸ்டியூசரை அந்தப் பலகையில் திருகுங்கள். பலகையைப் பிடிக்கும் திருகுகளை நீர்மட்டத்துக்கு மேலே வைக்கலாம். டிரான்ஸ்டியூசரின் திருகுகள் பலகையின் தடிமனைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இந்த முறையைத்தான் நான் முதலில் சொல்வேன்.

துளையே வேண்டாம் என்பவர்கள் படகுக்குள்ளேயே அடிப்பகுதியில் ஒட்டலாம். அந்த இடம் முழு ஃபைபராக மட்டும் இருக்க வேண்டும். அடியில் ஃபோம், மரம், காற்றிடைவெளி எதுவும் இருந்தால் ஒலி போகாது. அலுமினியத்திலும் மரத்திலும் இந்த முறையை முயல வேண்டாம். ஒட்டும் முன் சிறிய ஜிப் பையில் தண்ணீர் நிரப்பி அடியில் வைத்து, டிரான்ஸ்டியூசரை அதன் மேல் அழுத்திப் பிடித்து, நின்றபடியும் ஓடியபடியும் ஆழம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பெயின்டைச் சுரண்டி, மெதுவாக இறுகும் இரண்டு பகுதி எப்பாக்ஸியில் மெல்லச் சுழற்றி அழுத்துங்கள். உள்ளே சிக்கும் ஒரு குமிழியும் இங்கே எதிரிதான். ஒலி ஃபைபரைப் போகும்போதும் வரும்போதும் கடப்பதால் வலிமை குறையும். டிரான்ஸ்டியூசருக்குள் உள்ள வெப்பமானி தண்ணீரின் சூட்டைக் காட்டாது, படகின் சூட்டைக் காட்டும். பக்கவாட்டு ஸ்கேன் போன்ற உயர் அதிர்வெண் படங்களுக்கு இந்த வழி சரிவராது.

கேபிளை ஒருபோதும் வெட்டாதீர்கள். மிச்சமிருந்தால் தளர்வாகச் சுருட்டி வையுங்கள். மோட்டார் வயர்களோடும் வி.எச்.எஃப். ரேடியோ கேபிளோடும் சேர்த்துக் கட்ட வேண்டாம். கருவிக்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து தனி வயரில், ஃபியூஸோடு வரட்டும். திரையில் சாய்ந்த கோடுகளும் புள்ளிகளும் மழையாகக் கொட்டினால் மோட்டாரை நிறுத்திப் பாருங்கள். உடனே நின்றால் அது மின்இரைச்சல். நிற்காவிட்டால் மற்ற மின்கருவிகளை ஒவ்வொன்றாக அணையுங்கள்.

வேகத்தில் மட்டும் படம் போனால் 3 மி.மீ. கீழே இறக்கி மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் பீய்ச்சினால் அதே அளவு மேலே ஏற்றுங்கள். நாலைந்து முறை இறக்கி ஏற்றியும் சரியாகவில்லையென்றால் உயரத்தோடு மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் 5 செ.மீ. நகருங்கள்.

மாதங்கள் கழித்து கருவி எட்டிப் பார்க்கும் ஆழம் மெல்ல மெல்லக் குறைந்து வந்தால் முகத்தில் பாசி படிந்திருக்கும். லேசான சோப்பு நீரும் மெல்லிய துணியும் போதும். அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். பாசித் தடுப்புப் பெயின்ட் அடிப்பதானால் நீர் சார்ந்த வகையை மட்டும், மெல்லிய ஒரு பூச்சாக.