வாடை வீசும் திருவருகைக்காலம்

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்காக மலர்க்குழு எழுதக் கேட்டது நம் ஆசிரியர்களைப் பற்றி. நான் எழுதப்போவது பெரும்பாலும் காற்றைப் பற்றி. ஐப்பசி பிறந்ததும் விடுதியின் வடக்கு ஜன்னல்களைச் சாத்தி, கொக்கியை நம்பாமல் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் படுத்தவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த எங்களுக்குக் கடல் ஒன்றுதான். பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைகளுக்கு இரண்டு. பாக் விரிகுடாப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடை எழுந்தால் வடகடல் கலங்கிக் கரையேறி அடிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் அப்படியே மாறும். அதனால் வாடைக்கு முன்பே வள்ளங்கள் பாலத்துக்கடியில் புகுந்து தெற்கே போய்விடும். போக வசதியில்லாதவர்கள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பார்கள். கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரமான திருவருகைக்காலம் என்றால் காத்திருப்பு என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். கரையில் உட்கார்ந்திருந்த அந்த அண்ணன்மார்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. காத்திருப்பதென்றால் சும்மா இருப்பதல்ல. கை வலையில் இருக்கும், கண் வடக்கே இருக்கும், கடன்காரனுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறன்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை, லூக்கா நற்செய்தியின் 21ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். கதிரவனிலும் நிலாவிலும் அடையாளங்கள் தோன்றும், கடலின் கொந்தளிப்பு முழக்கத்தால் மக்கள் கலங்குவார்கள் என்று வரும் பகுதி. உலகத்தில் எத்தனையோ கோயில்களில் இது வெறும் வாசகமாகப் போயிருக்கும். நாங்கள் பூசை கண்ட கோயிலில் வாசகத்துக்குப் பின்னணியாக வடகடல் முழங்கிக்கொண்டிருந்தது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனபோது அதுவும் திருவருகைக்காலம்தான், கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள் இருந்தது. பாம்பனிலிருந்து போன ரயிலும் அதிலிருந்தவர்களும் அலையோடு போனார்கள். அங்கே நிற்கும் மொட்டைக் கோயில் சுவரைச் சுற்றுலாக்காரர்கள் இப்போது படமெடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் காலத்தில் அந்த இரவில் சொந்தங்களைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பூசை முடிந்ததும் ஒரு அப்பத்தா எழுந்து வந்து, "அந்த வாசகத்த மட்டும் கொஞ்சம் மெல்ல வாசிங்க சாமி" என்றார்.

பூசை வைத்த குருவான எங்கள் சாமி பதில் சொல்லவில்லை. அன்று இரவு படிப்பு நேரத்தில் எங்களிடம் வந்து உட்கார்ந்து, அதே அதிகாரத்தில் 28ஆம் வசனத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார். இவையெல்லாம் நடக்கத் தொடங்கும்போது தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்குகிறது. "புயல் வர்றப்ப யாருடா தலைய நிமுத்துவா?" என்று கேட்டார். மண்டபத்திலிருந்து வந்த பையன் ஒருவன் சட்டென்று சொன்னான்: "கடலுக்குப் போறவங்க நிமுத்துவாங்க சாமி. வானத்தப் பாக்கணும்ல." சாமி வேதாகமத்தை மூடிவிட்டார். அன்று அதற்கு மேல் பாடம் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரசு ஊழியரை மிரட்ட "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்பார்களே, அந்தக் காடு நம் இராமநாதபுரம்தான். அந்த மண் பச்சை பிடிப்பது வடகிழக்குப் பருவமழையில் மட்டும்தான். கண்மாய் நிரம்புவதும் நெல் நிற்பதும் அப்போதுதான். ஆகவே எங்கள் குழந்தை இயேசு பிறந்தது வருடத்தின் மிகச் செழிப்பான மாதத்தில். குடிலுக்குப் புல் வேண்டும் என்று கேழ்வரகை விதைத்து, எட்டு நாளில் தளதளவென்று வளர்த்தோம். பிறகு அதன்மேல் பஞ்சைப் பிய்த்துப் போட்டுப் பனி என்றோம். வாழ்த்து அட்டையில் அப்படித்தான் இருந்தது! கேழ்வரகுப் பயிர் மேல் பனி பெய்த பெத்லகேம் வேறெங்கும் இருந்திருக்காது.

டொராண்டோவுக்கு வந்தபின் உண்மைப் பனியைப் பார்த்தேன். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. மரங்களில் இலையில்லை. இங்கே பங்குத்தந்தை ஆண்டுதோறும் இருளில் தோன்றிய ஒளியைப் பற்றிப் பிரசங்கம் வைக்கிறார். நல்ல பிரசங்கம்தான், இந்த ஊருக்குப் பொருத்தமானது. எனக்கு அது முதலில் ஒட்டவில்லை. எல்லாம் செத்துக் கிடக்கும்போது பிறப்பவரைவிட, கண்மாய் நிறைந்து கடல் மட்டும் பயமுறுத்தும்போது பிறப்பவரைத்தான் எனக்குப் பழக்கம்.

ஒட்டவைத்தது பக்கத்து வீட்டு இத்தாலியப் பாட்டி. அக்டோபரில், மண் உறைவதற்குமுன், பூண்டுப் பற்களை ஊன்றிக்கொண்டிருந்தார். பனி கொட்டப்போகும் நேரத்தில் எதற்கு என்று கேட்டேன். குளிர் படாத பூண்டு பல் பிரியாது, ஒற்றைக் குண்டாகவே நின்றுவிடும் என்றார். எனக்கு விடுதியின் பின்புறத்துப் பனங்கொட்டைப் பாத்தி ஞாபகம் வந்தது. ஆவணி, புரட்டாசியில் பொறுக்கிவந்த கொட்டைகளை மணலில் அடுக்கி மூடுவோம். மற்ற விதைகள் வேர் விட்ட கையோடு மேலே தலைகாட்டப் பார்க்கும். பனங்கொட்டை முளையையே முதலில் கீழே இறக்கும். மழைக்காலம் முழுக்க மேலே ஒன்றும் தெரியாது. மார்கழிக் கடைசியில் தோண்டினால் முழ நீளத்துக்குக் கிழங்கு. கொட்டையை வெட்டி உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பருப்பான தவுன் தின்பதற்கு நடந்த சண்டைகளை இங்கே விவரிக்க இடமில்லை.

கோதுமை மணி மண்ணில் விழுந்து மடியாவிட்டால் தனித்தே இருக்கும் என்று யோவானில் ஆண்டவர் சொல்கிறார். கோதுமை விளையாத ஊரில் அந்த வசனத்தைப் பனங்கொட்டையை வைத்துத்தான் சாமி விளக்கினார். ஆனால் மண்ணில் விழுந்ததும் அது முதலில் ஆழத்துக்குப் போகிறது என்ற பகுதியை நான் டொராண்டோவில், பூண்டுப் பாத்தியின்மேல் பனி மூடிக் கிடந்தபோதுதான் யோசித்தேன். மேலே மூடிய பனி உள்ளே இருப்பதைக் கடுங்குளிரிலிருந்து காக்கிறது என்பதையும் அந்தப் பாட்டியே சொன்னார். திருப்பாடல் 147இல் ஆண்டவர் பனியைக் கம்பளிபோலத் தருகிறார் என்று வருவதை நான் அதுவரை நிறத்துக்காகச் சொன்னது என்றே நினைத்திருந்தேன்.

தனுஷ்கோடிப் பக்கத்துப் பூநாரைகளைப் பற்றி இந்த மலரிலேயே இன்னும் நாலு பேர் எழுதியிருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஓரியூருக்கு வருகிறேன். போர்த்துக்கல்லிலிருந்து வந்த மறைப்பணியாளர் புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டுண்ட இடம். தை மாதப் பனி நனைந்த மணலில் அதிகாலை நடந்து போவோம். மண் சிவப்பாக இருக்கும், புனிதரின் இரத்தம் என்பார்கள். ஒரு வருடம் எங்களோடு வந்த அறிவியல் சார் நேர்மையான மனிதர். நம் மாவட்டத்துச் சிவப்பு மணலுக்கெல்லாம் காரணம் இரும்பு துருப்பிடித்ததுதான் என்று விளக்கினார். உடனே நம் வகுப்பில் ஒருவன், "ரத்தத்துலயும் இரும்புதானே சார் இருக்கு?" என்றான். சார் சிரித்துவிட்டு, அரையாண்டில் உயிரியலில் அவன் வாங்கிய மதிப்பெண்ணை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவன் இப்போது மெல்பர்னில் இருப்பதாகக் கேள்வி. இதை வாசித்தால், அந்த மதிப்பெண்ணை நான் அச்சில் சொல்லாமல் விட்டதற்கு ஒரு கட்டுக் கிழங்கு கடன்பட்டிருக்கிறான்.