வடக்கு வெளி வீதியில் ஒரு தற்காலிக வாத்தியார்

வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியைத் தாண்டிப் போகாத மதுரைக்காரர் உண்டா? ஆனால் அந்த வீதி வந்த கதையைக் கேட்டால் பலரும் முழிப்பார்கள். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்க்க வைத்தார். அப்புறம்தான் ஊர் வெளியே பரவி, வெளி வீதிகள் வந்தன. அந்த வேலையைப் பார்த்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் இன்றும் தெருக்கள் இருக்கின்றன.

பள்ளிக்கு வருவோம். 1904-இல் தமிழாசிரியர் அரசன் சண்முகனார் விடுப்பில் போக, அந்த இடத்துக்குத் தற்காலிகமாக வந்தவர் பாரதி. வயது 21. சம்பளம் மாதம் 17 ரூபாய் 8 அணா. ஆகஸ்டில் சேர்ந்தார், நவம்பரில் கிளம்பிவிட்டார். அதே வருடம் மதுரையில் வெளிவந்த ‘விவேகபானு’ இதழில் அவர் கவிதை அச்சாகியிருந்தது. இங்கிருந்து நேரே சென்னை, ‘சுதேசமித்திரன்’ வேலை.

மூன்று மாதம் சொச்சம்தான். ஆனாலும் அந்தப் பள்ளியில் படித்தவர்களிடம் பேசிப் பாருங்கள், பாரதி என்னவோ அவர்களுக்கே வகுப்பெடுத்த மாதிரி சொல்வார்கள்! அந்தப் பெருமையில் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எங்கள் பள்ளியில் அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு வேப்பமரம் மட்டும்தான் இருந்தது.