பாஸூன் கொடுத்த ஸ்வரம்

மொசார்ட் ஓபராவை ஆர்க்கெஸ்ட்ராவின் முன் நின்று கையசைத்து நடத்தப் போகிறவருக்கு ஒத்திகைக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். பாடகர்களுக்கு அது மனப்பாடம், வாத்தியக்காரர்களுக்குக் கைப்பழக்கம். சந்தேகம் வந்தால் கேட்டுப் பார்க்க எத்தனையோ ஒலிப்பதிவுகள். நான் நடத்துவதெல்லாம் பெரும்பாலும் யாருமே இன்னும் கேட்டிராத ஓபராக்கள். எல்லோருடைய ஸ்வரங்களும் எழுதிய ஸ்கோர் கைக்கு வரும்போது சில சமயம் கடைசிக் காட்சியே எழுதப்பட்டிருக்காது.

ஜெர்மன் இசையமைப்பாளர் சிம்மர்மானின் 'டீ சோல்டாட்டன்' ஓபரா வாசிக்கவே முடியாதது என்று பேசினார்கள். 1965இல் கொலோனில் மிக்கேல் கீலன் அதை நடத்திக் காட்டினார். இசையமைப்பாளர் லிகெட்டியின் 'ல கிராண்ட் மக்காப்ர்' ஓபரா 12 கார் ஹாரன்களோடு தொடங்கும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், வாசிப்பவருக்குச் சிரிக்க நேரம் இருக்காது. ஒவ்வொரு ஹாரனுக்கும் தாளம் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவற்றைப் படித்துத்தான் இந்த வேலைக்கு வந்தேன். கையசைவில் அழகு பார்க்கும் ஆசை முதல் இரண்டு வருடங்களிலேயே போய்விட்டது. ஐந்து எண்ணிக்கைத் தாளமும் ஏழு எண்ணிக்கைத் தாளமும் மாறி மாறி வரும் பக்கத்தில் பாடகருக்குத் தேவை அழகல்ல, முதல் அடி எங்கே விழுகிறது என்பதுதான்.

ஒரு புது ஓபராவில், நாயகி மேடையின் பின்கோடியிலிருந்து ஆர்க்கெஸ்ட்ராவின் துணையில்லாமல் உச்ச ஸ்வரம் ஒன்றில் தொடங்க வேண்டும். பியானோவோடு ஒத்திகை பார்த்த வாரங்களில் பிசகே இல்லை. ஆர்க்கெஸ்ட்ரா வந்து உட்கார்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் சுருதி இறங்கியது. இயக்குநர் பதற்றம் என்றார். இசையமைப்பாளர் ஒன்றும் சொல்லவில்லை, முகத்தைச் சுளித்தார். எனக்கு அது பதற்றமாகப் படவில்லை.

இடைவேளையில் நாயகியிடம் போய், "அந்த ஸ்வரத்தை எங்கேயிருந்து எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி பியானோவுல இடது கை ஒண்ணு வாசிக்கும் சார், அதுலேர்ந்து. இப்ப அது காதுலயே விழல."

ஸ்கோரைப் புரட்டினேன். இடது கையின் அந்த ஸ்வரம் ஆர்க்கெஸ்ட்ராவில் தாழ்ந்த குரலுள்ள ஊதுகுழலான பாஸூனில் இரண்டாவதுக்குப் போயிருந்தது, 'மிக மெல்ல' என்ற குறிப்போடு. பக்கத்திலேயே தாளவாத்தியங்கள் அத்தனையும். பின்கோடியில் நிற்பவருக்கு அது எப்படிக் கேட்கும்? நான்கு மாதமாக அந்தப் பக்கத்தைப் படித்த எனக்கே இது தோன்றவில்லை. என் காதில் பாஸூன் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது, நான் நின்றது அதற்கு நேர் எதிரே என்பதால்.

அந்த ஸ்வரத்தை ஹார்ப்பும் ஒருமுறை தொட்டுக் கொடுத்தால் என்ன என்று இசையமைப்பாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். பதில் இல்லை. மறுநாள் காலை ஹார்ப் தாளில் பென்சிலால் ஒரே ஒரு புள்ளி. அன்று நாயகி சரியாகப் பிடித்தார். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அதுதான் வேண்டும்.

மூன்றாம் நாள் காட்சியில் சறுக்கியது நான். ஐந்து எண்ண வேண்டிய கட்டத்துக்கு ஆறு காட்டிவிட்டேன். பாதிப்பேர் என் கையோடு வந்தார்கள், பாதிப்பேர் தங்கள் எண்ணிக்கையோடு போனார்கள். டிம்பனி என்ற பெரிய முரசை வாசிப்பவர் என்னை நம்பாமல் தன் கணக்கில் ஓங்கி ஒரு அடி வைத்தார், எல்லோரும் அதில் வந்து ஒட்டிக்கொண்டார்கள். நானும்தான். அன்றிரவே அந்தப் பக்கத்தில் நீலப் பென்சிலால் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு '5' எழுதிவைத்தேன்.

மொத்தம் ஐந்து காட்சிகள். அவ்வளவுதான், இன்றுவரை வேறெங்கும் அது மேடையேறவில்லை. புதிய ஓபராவுக்கு முதல் அரங்கேற்றம் கிடைத்துவிடும், ஆளாளுக்கு அந்தப் பெருமை வேண்டும். இரண்டாவது மேடைக்குத்தான் ஆள் இருக்காது. இந்தத் தொழிலில் எனக்குள்ள ஒரே மனக்குறை இது.

அடுத்த வருடம் அச்சான ஸ்கோர் வந்தது. நேராக அந்தப் பக்கத்துக்குப் போனேன். ஹார்ப் வரிசையில் அந்தப் புள்ளி, முதல் நாளிலிருந்தே அங்கே இருந்ததைப் போல. கீழே பாஸூனும் அப்படியே இருந்தது, மிக மெல்ல.