விற்ற வண்டிக்காக ஸ்டேஷன் ஏறிய கதை

நாலு மாதமாக இழுத்தது போன வாரம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. 2021-ல் பழைய பைக்கை விற்றபோது பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் கையிலேயே கொடுத்து, "நீங்களே பெயர் மாத்திக்குங்க" என்றேன். விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்? வாங்கியவர் பெயரை மாற்றவே இல்லை. வண்டி கை மாறி கை மாறி, கடைசியில் ஒரு சங்கிலிப் பறிப்பில் ஓடியிருக்கிறது. கேமராவில் நம்பர் பளிச்சென்று விழுந்துவிட்டது. நம்பரைத் தட்டினால் என் பெயர்.

காலை ஏழு மணிக்கு போன். "ஸ்டேஷன்ல இருந்து பேசறோம், உடனே வாங்க." எதற்கு சார் என்றால், "வந்தா தெரியும்." செருப்பை மாட்டியவனை பக்கத்து வீட்டு வக்கீல் அண்ணன் பிடித்து நிறுத்தினார். எழுத்தில் நோட்டீஸ் கேள் என்றார். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கிலேயே சொல்லிவிட்டதாம். பறிப்புக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். குற்ற விசாரணை நடைமுறைக்கான புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3)-ன்படி நோட்டீஸ் வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஆஜராகிவந்தால், காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்ய முடியாது.

கேட்டேன். "சட்டம் பேசறியா?" என்று ஒரு அதட்டல், அப்புறம் வாட்ஸ்அப்பில் மங்கலாக ஒரு போட்டோ. அதுவும் செல்லாது, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு நாள் கழித்து ஒரு காவலர் காகிதமாகக் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குத்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஸ்டேஷனில் பெஞ்சில் மூன்று மணி நேரம். ரைட்டர் நான் சொன்னதை எழுதி முடித்து, "கீழ ஒரு கையெழுத்து போடுங்க தம்பி" என்று தாளை நீட்டினார். பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. விசாரணையில் போலீஸ் எழுதும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது, அதே பி.என்.எஸ்.எஸ். 181-வது பிரிவு. இதை நான் நடுங்கிக்கொண்டேதான் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

"வித்ததுக்கு என்ன ஆதாரம்?" என்பதுதான் உண்மையான கேள்வி. பீரோவைக் கவிழ்த்தோம். பழைய இன்சூரன்ஸ் கவருக்குள் வாங்கியவரின் ஆதார் ஜெராக்ஸ், அதன் மேல் அவர் கையெழுத்து, தேதி, "மாலை 6.10-க்கு வண்டி பெற்றுக்கொண்டேன்". அந்த நேரத்தை எழுத வைத்த புரோக்கர் நன்றாக இருக்கட்டும். கையெழுத்துள்ள அசல் தாளைக் கொடுக்காதீர்கள். நகலோடு ஒரு கடிதம் வைத்து, இன்னொரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். எனக்கு முத்திரை போட ஆள் சாப்பிடப் போயிருந்தார். மறுநாள் திரும்பப் போனேன். எதற்கும் இருக்கட்டும் என்று பதிவுத் தபாலிலும் ஒன்று அனுப்பினேன்.

விசாரணை அந்த ஜெராக்ஸைப் பிடித்துக்கொண்டு போய் சரியான ஆட்களிடம் நின்றது. "உங்க பேர எடுத்தாச்சு, போங்க" என்றார்கள். வாய்ச்சொல்லை நம்ப மனசு வரவில்லை. குற்றப்பத்திரிகையின் சான்றிட்ட நகல் கேட்டு நீதிமன்றத்துக்குப் போனால், அந்தக் குற்றப்பத்திரிகையே குறை சொல்லி போலீசுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தது. வழக்கு எண்ணே விழவில்லை. எண் இல்லாமல் நகல் மனு போட முடியாது. இப்படி இரண்டு தடவை லீவு வீண். எண் விழுந்துவிட்டதா என்று விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாவது தடவை கிடைத்தது. வாசலிலேயே நின்று புரட்டினேன். எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் நான் இல்லை. சாட்சிகள் பட்டியலில் நாலாவது பெயர் என்னுடையது. ஆக, எப்படியும் கூண்டேறத்தான் போகிறேன். சம்மன் வந்தால் அந்த ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதை இப்போது பீரோவில் வைப்பதில்லை, லாக்கரில் இருக்கிறது.