உர்மவியின் 17 சுரங்கள்: 72 செ.மீ. கம்பியில் மூன்றாவது முயற்சி

ஒரு பழைய அரபு நூல் சொல்லும் சுர இடங்களை ஒற்றைக் கம்பியில் குறித்துப் பார்க்கிறேன். முதல் இரண்டு முயற்சிகளும் ஊத்திக்கொண்டன. கணக்கில் தப்பில்லை, பலகையில்தான். கம்பி ரொம்ப உயரத்தில் நின்றதால் அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறியது. ட்யூனர் ஆப் மத்தியமத்தையே 15 சென்ட் (ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்) கூட்டிக் காட்டியது. இந்த முறை அழுத்தவே இல்லை. கம்பிக்கு அடியில் நகர்த்த ஒரு சின்ன மரக் குதிரை, கம்பியை உரசி நிற்கும் அளவு உயரம், அவ்வளவுதான்.

செய்து பார்ப்பது ஸஃபியுத்தீன் அல்-உர்மவியின் கம்பிப் பகுப்பு. கடைசி அப்பாஸிய கலீஃபாவின் அவையில் ஊத் என்ற நரம்புக் கருவி வாசித்தவர், அழகெழுத்துக்காரரும்கூட. 1258-இல் மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாக்தாதைச் சூறையாடியபோது தப்பிய மனிதர், 1294-இல் 300 தினார் கடனுக்காகச் சிறையில் இறந்தார். அவருடைய ‘கிதாப் அல்-அத்வார்’ ஒரு ஸ்தாயியை 17 இடைவெளிகளாகப் பிரித்து, அவற்றின் எல்லைகளான 18 குறிகளுக்கு அலிஃப், பா, ஜீம் என்று எழுத்து வைக்கிறது. தமிழில் எழுதினால் ஐந்தாவதும் எட்டாவதும் ‘ஹா’ ஆகிவிடுகின்றன! அதனால் எண்களுக்கு மாறிவிட்டேன்.

72 எடுத்ததற்குக் காரணம் சுலபமாக வகுபடும் என்பதே. இனி வரும் எண்கள் ஒலிக்கும் கம்பியின் நீளம், செ.மீ.-இல். பாதி 36, மேல் ஸ்தாயி. மூன்றில் ஒன்றைக் கழித்தால் 48, பஞ்சமம். நாலில் ஒன்றைக் கழித்தால் 54, மத்தியமம்: எட்டாம் குறி. ஒன்பதில் ஒன்றைக் கழித்தால் 64, நாலாம் குறி. மறுபடி ஒன்பதில் ஒன்று போனால் 56.89, ஏழாம் குறி. அப்புறம் திரும்பி வர வேண்டும். 54-உடன் அதன் எட்டில் ஒன்றைக் கூட்டினால் 60.75, இன்னொரு முறை கூட்டினால் 68.34. அதில் நாலில் ஒன்றைக் கழித்தால் 51.26, மீண்டும் எட்டில் ஒன்றைக் கூட்டினால் 57.67, ஆறாம் குறி. அதேபோல இன்னொரு முறை, 64.87: மூன்றாம் குறி.

இந்த ஆறாம் குறிக்காகத்தான் இவ்வளவு பாடும். ஏழில் காந்தாரம் கொஞ்சம் தூக்கலாக, முறைத்துக்கொண்டு நிற்கிறது. குதிரையை எட்டு மில்லிமீட்டர் பின்னால் தள்ளி மீட்டினால், தம்பூராவில் தானாகக் கேட்கும் காந்தாரம் அப்படியே வந்து உட்காருகிறது. அந்தக் காந்தாரத்தின் இடம், 72-இல் ஐந்தில் ஒன்றைக் கழித்தால் வரும் 57.6. உர்மவி அதை நேராகத் தேடவே இல்லை. நாலு, எட்டு, ஒன்பது என்று வெட்டியும் ஒட்டியுமே 0.7 மி.மீ. பக்கத்தில் வந்துவிட்டார். என் பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன்.

முழுக் கம்பியை முதல் குறியாகச் சேர்த்து 18 குறிகளில் 11 முடிந்தன. மிச்சம் ஏழும் பஞ்சமத்தைச் சுற்றியும் மேலேயும். அங்கே இடைவெளிகள் நெருக்கம். இந்தக் குதிரையின் அடி அகலம், அதை முதலில் சீவ வேண்டும்.