கொல்லிமலை இறக்கத்தில் எஞ்சினுக்கு என்ன வேலை, பிரேக்குக்கு என்ன வேலை

சோளக்காட்டிலிருந்து காரவள்ளி இறங்கும் வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் முக்கி ஏறிய பைக்கை, இறங்கும்போது நான்காவதில் போட்டு, பிரேக்கை மிதித்தபடியே வருகிறவர்கள் நிறைய. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறவர்களும் உண்டு. எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் விடும்) வண்டியில் அந்தக் கணக்கே தப்பு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுசாக மூடினால், ஆர்.பி.எம். (எஞ்சின் சுற்றும் வேகம்) ஐடிலிங் பக்கம் இறங்கும் வரை பெரும்பாலும் இன்ஜெக்டர் பெட்ரோலே விடாது. நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும்.

ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது பைக்குக்கும் அப்படியே பொருந்தும். ஆக்சிலரேட்டரை மூடியதும் பின் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்ற வைக்கிறது. அந்தப் பாரம் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. கியர் குறையக் குறைய இழுப்பு கூடும். 150 சிசி வண்டியில் இரண்டாவது கியர் போட்டால் 20-30 கி.மீ. வேகத்தில் நிற்கும். அப்போதும் வேகம் ஏறிக்கொண்டே போனால் முதல் கியருக்கு வாருங்கள்.

ஆனால் எஞ்சின், வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வண்டியை நிறுத்துவது பிரேக். இந்த இரண்டு வேலையையும் பிரேக் ஒன்றின் தலையிலேயே கட்டினால் சூடு தாங்காது. டிரம்மில் ஷூ சூடேறி, மிதித்தாலும் பிடிக்காமல் வழுக்கும். டிஸ்க்கில் பிரேக் ஆயில் கொதிக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்த பழைய ஆயிலுக்கு அது 155 வரை இறங்கிவிடும். கொதித்தால் ஹோஸுக்குள் ஆவிக்குமிழ் சேரும். அப்புறம் லிவரைப் பிடித்தால் பஞ்சு போல அமுங்கி, ஹேண்டில் பார் வரை வந்துவிடும். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்குத்தான். வழியிலேயே லிவர் இளகினால் ஓரங்கட்டி ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வளைந்துவிடும்.

வளைவுக்கு வரும்போது வண்டி நிமிர்ந்திருக்கையிலேயே எல்லா வேலையும் முடிய வேண்டும். ஆக்சிலரேட்டரை மூடி, முன் பிரேக்கை இரண்டு விரலால் மெல்ல இறுக்கி, பின் பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் மிதியுங்கள். வேகம் குறைந்த பிறகு ஒரு கியர் மட்டும் இறக்கி, கிளட்ச்சை நிதானமாக விடுங்கள். விடும் முன் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு முறுக்கு முறுக்கினால் குலுக்கல் வராது. நான்கிலிருந்து இரண்டுக்குத் தாவி, கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் பின் டயர் கிறீச்சிட்டு இழுபடும். இறக்கத்தில் எடை முன்னால் சாய்ந்து பின் சக்கரம் இலேசாகிவிடும். அதில் ஏற்கெனவே எஞ்சின் இழுப்பு இருக்கிறது. அதன்மேல் பின் பிரேக்கையும் அழுத்தி மிதித்தால் லாக் ஆகாமல் என்ன செய்யும்? சக்கரம் சுற்றாமல் லாக் ஆவதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்று நம்ப முடியாது. சிங்கிள் சேனல் ஏ.பி.எஸ். முன் சக்கரத்தை மட்டும்தான் பார்க்கும். இரண்டு சக்கரத்தையும் பார்க்கும் டூயல் சேனலும் பிரேக் அழுத்தத்தைத்தான் விடுவிக்கும், எஞ்சின் இழுப்பை விடுவிக்காது. எஞ்சின் இழுப்பு அதிகமானால் தானே கொஞ்சம் வழுக்கிக்கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள வண்டியில் இந்தத் தொல்லை குறைவு. மழையில் எல்லாருமே ஒரு கியரை முன்கூட்டியே இறக்கிவிடுவது நல்லது.

திடீரென்று மாடு குறுக்கே வந்தால் கணக்கு வேறு. கியர் இறக்க நேரம் கிடையாது. இரண்டு பிரேக்கோடு கிளட்ச்சையும் சேர்த்துப் பிடியுங்கள். டயரின் பிடிமானம் முழுவதையும் பிரேக்கே எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எஞ்சினால் கூடுதல் லாபம் இல்லை. கிளட்ச் பிடித்தால் வண்டி ஆஃப் ஆகாமலாவது இருக்கும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், முதலில் லேசாகப் பிடித்து, எடை முன்னால் வந்ததும் இறுக்குங்கள்.

இன்னொன்று: எஞ்சினால் வேகம் குறையும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் பஸ் ஒட்டி வந்தால் லிவரை லேசாகத் தொட்டு லைட்டைக் காட்டுங்கள்.

ஸ்கூட்டரில் எஞ்சின் இழுப்பு குறைவு. வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் தானாக விட்டுப்போய் அதுவும் இருக்காது, வண்டி சும்மா உருளும். அதனால் அடிக்கடி நிறுத்தி பிரேக்கை ஆற விட்டுத்தான் இறங்க வேண்டும். ஆர்.எக்ஸ். 100 மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் இழுப்பும் குறைவு. ஆக்சிலரேட்டரை நீண்ட நேரம் மூடியே வைத்தால் பெட்ரோலோடு சேர்ந்து பிஸ்டனுக்குப் போகும் ஆயிலும் குறைவாகத்தான் போகும். அதற்கு அவ்வப்போது கிளட்ச்சைப் பிடித்து ஒரு முறுக்கு கொடுத்துவிட்டு, மறுபடி கியரில் விட வேண்டும்.