இரவுப் பணி முடிந்து கேட்ட காலை வானொலி

மெல்பேர்ண் நகரத்தை நான் அறிந்துகொண்டது அதன் காலை வானொலியில் கலைகளைப் பற்றி நடக்கும் பேச்சைக் கேட்டுத்தான் என்று சொன்னால் என் வீட்டாரே நம்பமாட்டார்கள். குடியேறிய புதிதில் எனக்குக் கிடைத்தது முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இரவுப் பணி. ஏழு மணிக்கு வேலை முடிந்து நான் டண்டினோங் நோக்கிக் காரை எடுக்கும்போது, மோனாஷ் நெடுஞ்சாலையின் மறுபக்கத்தில் நகருக்குப் போகும் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருக்கும். தூங்கிவிடாமல் இருப்பதற்காகவே வானொலியைப் போட்டேன். வணிக வானொலிகளின் பரிசுப் போட்டிகளும் சிரிப்பொலியும் அலுத்துப்போய் அலைவரிசையை மாற்றிக்கொண்டே போனபோது 102.7இல் அகப்பட்டது ட்ரிபிள் ஆர் என்னும் சமுதாய வானொலி. வார நாட்களில் ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை நடக்கும் அதன் காலை நிகழ்ச்சி எனக்கு நாளின் முடிவில் கேட்கும் நிகழ்ச்சியாயிற்று. வியாழக்கிழமைகளில் அதைத் தொடர்ந்து கலைகளுக்கென்றே ஒரு நிகழ்ச்சி வரும். அன்று சமையலை முடித்து, அதையும் கேட்டுவிட்டே படுப்பேன்.

முதலில் எனக்குப் பாதி விளங்கவில்லை. அறிவிப்பாளர்கள் வேகமாகவும் ஒருவர் பேச்சை ஒருவர் இடைமறித்தும் பேசினார்கள். அவர்கள் குறிப்பிட்ட தெருக்களோ மதுச்சாலைகளோ எனக்குத் தெரியாதவை. ஆயினும் ஒன்றைக் கவனித்தேன். நாற்பது ஐம்பது பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு மாடி அறையில் நாடகம் போடுகிற, எவருக்கும் பெயர் தெரியாத ஒரு பெண்ணை அழைத்து, ஒத்திகைக்கு இடம் எங்கே கிடைத்தது, ஒரேயொரு விளக்கை வைத்துக்கொண்டு இரவையும் பகலையும் எப்படிக் காட்டினீர்கள், பார்வையாளர் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' கேட்டு வளர்ந்தவள் நான். எங்களுக்குக் காலை வானொலியில் கலை என்றால் திரைப்படப் பாட்டு. கலைஞர் என்றால் அந்தப் பாட்டில் நடித்தவர் அல்லது அதைப் பாடியவர். அவர்களை நேர்காணும்போதும் "உங்கள் வெற்றியின் இரகசியம் என்ன" என்பதற்கு மேல் கேள்வி போவது அபூர்வம். வேலையைப் பற்றிக் கேட்பது என்ற ஒன்று உண்டென்பதையே நான் இங்கேதான் கண்டேன்.

இந்த வானொலிகள் எப்படிப் பிழைக்கின்றன என்பது அடுத்த வியப்பு. அவுஸ்திரேலியாவில் இத்தகைய சமுதாய வானொலி நிலையங்கள் 450க்கும் மேல் உள்ளன. பெரும்பாலும் தொண்டர்களாலேயே நடப்பவை. மெல்பேர்ணில் ட்ரிபிள் ஆர் 1976இல் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் சிறிய அளவில் தொடங்கியது. தொழிற்சங்கங்களோடு நெருங்கிய 3சீஆரும் அதே ஆண்டில் வந்தது. இசைக்கென்றே பீபீஎஸ் 1979இல் வந்தது. 1992ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சேவைகள் சட்டப்படி இவை விளம்பரம் ஒலிபரப்ப முடியாது. ஆதரவாளர்களின் அறிவித்தல்களை மட்டும் மணிக்கு ஐந்து நிமிடத்துக்கு மிகாமல் சொல்லலாம். மீதிப் பணம் நேயர்களின் சந்தாவிலிருந்து வர வேண்டும். அதற்காக ட்ரிபிள் ஆர் ஒவ்வோர் ஆகஸ்ட் மாதமும் ஒரு சந்தாத் திருவிழாவே நடத்துகிறது. தொண்டர்கள் தொலைபேசிகளின் முன்னே குந்தியிருக்க, சந்தா கட்டியவர்களின் பெயர்களை ஊர்ப்பெயரோடு அறிவிப்பாளர்கள் வாசித்துக்கொண்டே போவார்கள். செல்லப் பிராணிகளின் பெயரிலும் சந்தா கட்டலாம். பிரன்சுவிக்கைச் சேர்ந்த ஒரு பூனையின் பெயர் பயபக்தியோடு வாசிக்கப்பட்டபோது, இலங்கை வானொலியின் பிறந்தநாள் வாழ்த்தில் அப்பப்பா, அம்மம்மா, மாமாமார், மாமிமார் என்று நீண்ட பட்டியல்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தன. நானும் குறைந்த வருமானத்தாருக்கான சந்தாவைக் கட்டினேன்.

கேட்டதன் பயனாக வெளியே போகத் தொடங்கினேன். சென் கில்டா வீதியில் உள்ள விக்ரோரியா தேசியக் கலைக்கூடத்தின் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை என்பதைக் காலை வானொலி சொல்லித்தான் அறிந்தேன். அங்கே பெரிய மண்டபத்தின் கூரை முழுவதும் லெனார்ட் பிரெஞ்ச் என்னும் ஓவியர் வண்ணக் கண்ணாடியில் அமைத்த வேலைப்பாடு. அதைப் பார்க்கச் சனங்கள் கம்பளத்தில் மல்லாந்து படுத்துக் கிடக்கிறார்கள். கோயில் மண்டபத்தில்கூட அப்படிக் கால் நீட்டிப் படுக்கக் கூசுபவள் நான். பிள்ளைகள் இருவரும் படுத்த பிறகு நானும் படுத்தேன். இரவுப் பணி செய்பவளுக்கு அது ஆபத்தான இடம் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். 1987 முதல் பங்குனி, சித்திரை மாதங்களில் நடந்து வரும் நகைச்சுவை விழாவுக்கும் போனோம். நகர மண்டபத்தின் அறைகளெல்லாம் சிறு அரங்குகளாகிவிடும். இன்னொரு நாட்டின் நகைச்சுவை கடைசியாகத்தான் பிடிபடும் என்பார்கள். காற்பந்துக் கழகங்களையும் புறநகர்களையும் பற்றிய சீண்டல்களை வானொலியில் கேட்டுப் பழகியிருந்ததால் எனக்கு ஓரளவு முன்னதாகவே பிடிபட்டது.

தமிழ் வானொலிக்கும் இந்நகரில் வரலாறு உண்டு. பல இனத்தவரும் தத்தம் மொழியில் பேச 1975இல் திறக்கப்பட்ட 3இசட்இசட் என்னும் நிலையத்தை அரசு 1977இல் மூடிவிட்டது. பல மொழிச் சமூகங்களின் விடாமுயற்சியால் 3இசட்இசட்இசட் என்ற சமுதாய வானொலி 1989இல் ஒலிக்கத் தொடங்கியது. அத்தகைய மொழி நிகழ்ச்சிகள் பெரும்பாலும் ஒரு மணிநேரத்துக்குள் அடங்குபவை. பகல் பணிக்கு மாறிய பின் நானும் ஒரு தமிழ் நிகழ்ச்சியில் தொண்டராகச் சேர்ந்தேன். செய்தி, கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல், நடுநடுவே திரைப்பாட்டு என்பதே அதன் அமைப்பு. உள்ளூர்க் கலைஞரோடு பத்து நிமிடம் பேசலாம் என்று நான் சொன்னபோது நிகழ்ச்சிக்குப் பொறுப்பான பெரியவர் சிரித்தார்.

"தங்கச்சி, சனம் பாட்டுக் கேக்கத்தான் றேடியோ போடுது. நாங்கள் கதைக்கத் தொடங்கினால் நிப்பாட்டிப் போடும்."

"ஒருக்கா மட்டும் செய்து பாப்பம் அண்ணை. சரிவராட்டி நானே விட்டிடுறன்."

முதலில் அழைத்தது ஒரு மிருதங்க ஆசிரியரை. விருதுகளின் பட்டியலோடு வந்திருந்தார். நான் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இந்த ஊர்க் குளிர் மிருதங்கத்தை என்ன செய்கிறது என்று கேட்டேன். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஈரக் குளிரில் தோல் தளர்ந்து சுருதி இறங்கிவிடுகிறது. மண்டபத்துக்குள் சூடேற்றியைப் போட்டதும் தோல் இறுகிச் சுருதி ஏறிவிடுகிறது. தொப்பி எனப்படும் இடப்பக்கத் தோலில் அப்பிய ரவைப் பசை அந்த உலர்ந்த காற்றில் கச்சேரி முடியுமுன்னே காய்ந்து உதிரப் பார்க்கிறது. ஊரிலிருந்து புதிய வாத்தியம் கொண்டுவந்தால் விலங்குத் தோல் என்பதால் துல்லமரீன் விமான நிலையத்தில் அறிவித்துப் பரிசோதனைக்குக் காட்ட வேண்டும். அதிகாரி தட்டிப் பார்க்க, தானும் அங்கேயே தீர்மானம் என்னும் முடிவுச் சொற்கட்டு ஒன்றை வாசித்துக் காட்டியதாகச் சொன்னார். ஒதுக்கிய நேரம் முடிந்தும் பேச்சு முடியவில்லை. பெரியவர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அது நிறுத்தச் சொல்லும் சைகை என்றே நினைத்தேன், தொடரச் சொன்னாராம். பாட்டுக் குறைந்ததற்குச் சிலர் முறைப்பட்டார்கள். வயது வந்தவர்களுக்கும் மிருதங்கம் சொல்லிக் கொடுப்பாரா என்று விசாரித்தவர்களும் உண்டு.

2024இல் எஸ். ஷக்திதரன் எழுதிய 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் மெல்பேர்ணுக்கு வந்தது. 2019இல் சிட்னி நகர மண்டபத்தில் அரங்கேறி, அடுத்த ஆண்டு விக்ரோரிய இலக்கியப் பரிசையும் பெற்றது. கொழும்பிலிருந்து சிட்னிவரை நீளும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறைக் கதை. எங்கள் பக்கத்துப் பேச்சில் "எங்கட பிள்ளை ஒருவன் சாதித்துவிட்டான்" என்பதே மேலோங்கியது. அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. ஆனால் மேடையில் ஒருவர் தமிழில் பேசும்போது பக்கத்தில் நிற்கும் இன்னொரு நடிகர் அதை உடனுக்குடன் ஆங்கிலத்தில் சொல்லும் அந்த உத்தியை எப்படிப் பழகினார்கள் என்பதை அறிய எங்களில் ஒருவரும் முயலவில்லை. நாடகத்தின் உயிரே அதில்தான் இருந்தது என்பது என் எண்ணம்.

எங்கள் நிகழ்ச்சியில் இன்னும் இல்லாதது விமர்சனம். ஆங்கிலக் காலை நிகழ்ச்சியில் ஒரு படமோ நாடகமோ பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்பார்கள், காரணத்தோடு. நாங்களோ ஒவ்வொரு பரதநாட்டிய அரங்கேற்றத்தையும் "வெகு சிறப்பாக நடந்தேறியது" என்றுதான் அறிவிக்கிறோம். சென்னையிலிருந்து பக்கவாத்தியக்காரரை அழைத்து, மண்டபம் எடுத்து, ஒரு குடும்பம் தன் சேமிப்பைச் செலவழித்து நடத்தும் நிகழ்வைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? பெரியவரிடம் இதைக் கதைத்தபோது, "அதை மட்டும் விட்டுவிடு பிள்ளை, நாளைக்குக் கோயிலிலை ஆளின்ரை முகத்திலை முழிக்க வேணும்" என்றார். அவர் சொல்வதைப் பிழையென்று தள்ள என்னால் முடியவில்லை. முன்பின் அறியாத நகரத்தாரை விமர்சிப்பது வேறு, ஒரே பந்தியில் இருந்து சாப்பிடுபவர்களை விமர்சிப்பது வேறு. ஆகையால் ஒரு நடுவழி பார்த்திருக்கிறேன். அரங்கேற்றங்களுக்கு வருடக்கணக்காக வயலின் வாசித்து வரும் உள்ளூர்க் கலைஞர் ஒருவரை அடுத்த மாதம் அழைத்திருக்கிறோம். ஆடுபவர் தாளம் தவறினால் மேடையில் இருக்கும் மற்றவர்கள் சபைக்குத் தெரியாமல் அதை எப்படிச் சரிக்கட்டுகிறார்கள் என்பதே நான் எழுதி வைத்திருக்கும் முதற்கேள்வி. ஒருவர் பெயரையும் சொல்வதில்லை என்ற நிபந்தனையோடு அவர் வரச் சம்மதித்திருக்கிறார்.